பூட்டும் திறவுகோலும்: குவாண்டம் காலத்தில் நாட்டின் காவல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குவாண்டம் தொழில்நுட்பக் காலத்தில் அரசின் கொள்கையும் நாட்டின் பாதுகாப்பும் பற்றிப் பேச வந்துள்ளேன். இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். நான் தமிழ் கற்பிப்பவள். இயற்பியல் அறிஞர் அல்லள். ஆயினும் இப்பொருளின் உயிர்நிலையாக விளங்குவது ஒரு சொல்லைப் பற்றிய வினா. இருவர் மட்டும் அறியவேண்டிய சொல்லை மூன்றாமவர் அறியாமல் காப்பது எங்ஙனம்? இவ்வினா நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று.

தகுதி வழக்கை மூன்றாகப் பகுக்கும் நன்னூலார், அவற்றுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரைகளில் வரும் எடுத்துக்காட்டு. குழுவினுள் இருப்பவர்க்குப் பொருள் விளங்கும்; அயலார்க்கு விளங்காது. ஆனால் குழூஉக்குறிக்கு இரு குறைகள் உண்டு. ஒருவர் வெளியே சொல்லிவிட்டால் குறி முழுவதும் பாழ். மேலும், முன்பின் அறியாத இருவர் அதனை வகுத்துக்கொள்ள இயலாது. முன்னரே கூடிப் பேசி வைத்திருக்கவேண்டும். உலக அரசுகள் நெடுங்காலம் இவ்விரு குறைகளோடுதான் தம் மறைச்செய்திகளை அனுப்பி வந்தன.

இரண்டாம் குறையை நீக்கும் வழி 1970களில் பிறந்தது. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் அதற்கான கருத்தை வெளியிட்டனர். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் அதற்கு நடைமுறை வடிவம் தந்தனர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் அது ஆர்.எஸ்.ஏ. என வழங்குகிறது. இதனை ஒரு பூட்டாக எண்ணிப் பாருங்கள். திறந்திருக்கும் பூட்டை ஊரார் அனைவர்க்கும் கொடுத்துவிடுகிறோம். யாரும் தம் பெட்டியில் மாட்டி அழுத்திப் பூட்டலாம். திறக்கும் சாவியோ நம்மிடம் மட்டுமே. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மீண்டும் அவ்விரு எண்களாகப் பிரிப்பது மிகக் கடினம். இந்த ஒருவழிப் பாதையே அப்பூட்டின் உறுதி. இன்றைய வங்கிப் பரிமாற்றமும் அரசு அலுவல் மடலும் மருத்துவக் குறிப்பும் பெரும்பாலும் இத்தகைய பூட்டுகளை நம்பியே உள்ளன.

இங்கே அரசின் இயல்பைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அரசின் உளவு நிறுவனத்தில் பணியாற்றிய கிளிஃபோர்டு காக்ஸ் என்பவர், ஆர்.எஸ்.ஏ.யை ஒத்த முறையை 1973ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். அரசு அதனை மறைத்து வைத்து, 1997இல்தான் உலகுக்குச் சொல்லிற்று. அதற்குள் வெளியே இருந்தவர்கள் அதே பூட்டைத் தாமே கண்டுபிடித்து உலகெங்கும் பரப்பிவிட்டனர். அறிவை அரசு பூட்டி வைக்கலாம். அதே அறிவு வேறிடத்தில் பிறப்பதைத் தடுக்க இயலாது.

1994இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி ஒன்று அமையுமாயின் அந்தப் பெரிய எண்ணை எளிதில் பிரித்துவிடலாம் என்று கணித வழியில் நிறுவினார். குவாண்டம் கணினி என்பது இன்றைய கணினியின் விரைந்த வடிவம் அன்று. குவாண்டம் இயற்பியலின் இயல்புகளைக் கொண்டு வேறு வகையாகக் கணக்கிடும் கருவி அது. எல்லாக் கணக்கையும் அது விரைவாகச் செய்துவிடாது. ஆனால் நம் பூட்டு எந்தக் கணக்கின் மீது நிற்கிறதோ, அந்தக் கணக்கு அதற்கு எளிது.

அத்தகைய ஆற்றல் கொண்ட கருவியை இதுவரை எவரும் பொதுவில் காட்டியதில்லை. ஆயினும் தொலைவு குறைந்து வருகிறது. 2048 பிட் அளவுள்ள ஆர்.எஸ்.ஏ. பூட்டை உடைக்க ஏறத்தாழ 2 கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்று 2019இல் கிடினியும் எக்கெராவும் கணித்தனர். 2025இல் அதே கிடினி, 10 இலட்சத்துக்கும் குறைந்த கியூபிட்டுகளைக் கொண்டு ஒரு வாரத்துக்குள் உடைக்கலாம் என்று கணித்தார். கருவி வளர்வது ஒருபுறம் இருக்க, தேவையே ஆறே ஆண்டுகளில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

வராத வெள்ளத்துக்கு இன்றே அணை கட்டவேண்டுமா என்று கேட்கலாம். வரலாறு 'கட்டவேண்டும்' என்றே விடை சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் தூதரகச் செய்திகளை அமெரிக்கர்கள் படி எடுத்துக் குவித்து வைத்தனர். 'வெனோனா' எனப் பெயர்பெற்ற அப்பணியை 1943 பிப்ரவரியில் தொடங்கியவர், அதற்குச் சற்று முன்வரை பள்ளி ஆசிரியையாக இருந்த ஜீன் கிராபீல் என்னும் இளம்பெண். அன்று அச்செய்திகளைப் படிக்க முடியவில்லை. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவேண்டிய குறியீட்டுத் தாள்களைப் போர்க்கால நெருக்கடியில் சோவியத்துகள் இரட்டித்து அச்சிட்டிருந்தனர். அந்தப் பிழையைப் பற்றிக்கொண்டு 1946 முதல் செய்திகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. அணுகுண்டு இரகசியத்தைக் கொடுத்த கிளாஸ் ஃபுக்ஸ் 1950இல் சிக்கியதும் இவ்வழியில்தான். அப்பணி 1980 வரை நடந்தது. மக்கள் அறிந்தது 1995இல்.

இன்று திருடியதை இன்றே படிக்கவேண்டும் என்னும் கட்டாயம் திருடுபவனுக்கு இல்லை. கம்பி வழியே ஓடும் செய்திகளைப் பூட்டோடு அள்ளி வைத்துக்கொண்டு, திறவுகோல் பிறக்கும் நாளுக்காக அவன் காத்திருக்கலாம். ஆகவே கனடாவின் கணித அறிஞர் மிக்கேல் மோஸ்கா எளிய கணக்கொன்றைச் சொன்னார். ஒரு செய்தி எத்தனை ஆண்டுகள் மறைவாக இருக்கவேண்டும்? பூட்டுகளை எல்லாம் மாற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும்? இவ்விரண்டின் கூட்டுத்தொகை, குவாண்டம் கணினி வர எடுக்கும் ஆண்டுகளைவிட மிகுமானால் நாம் ஏற்கெனவே காலம் தாழ்ந்துவிட்டோம். 25 ஆண்டுகள் காக்கவேண்டிய செய்திக்கு, மாற்றும் பணி 10 ஆண்டுகள் பிடிக்குமானால், 35 ஆண்டுகளுக்குள் அக்கருவி வராது என்று உறுதி கூறவல்லவர் யார்?

அரசுகள் இரு வழிகளில் விடை தேடின. முதல் வழி இயற்பியல் வழி. திறவுகோலை ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்பினால், இடையில் எவரேனும் பார்த்த அளவிலேயே அத்துகள்களின் நிலை மாறி, களவு வெளிப்பட்டுவிடும். சீனா இவ்வழியில் முந்திக்கொண்டது. 2016 ஆகஸ்டில் மிசியஸ் செயற்கைக்கோளை ஏவியது. 2017இல் பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் இணைப்பைத் திறந்தது. ஆனால் அந்நெடுந்தடத்தில் இடைநிலையங்கள் 32 உள்ளன, ஒவ்வொன்றையும் நம்பியாகவேண்டும். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதையும் இம்முறை தானாக உறுதிசெய்யாது. இக்காரணங்களால் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் நாட்டின் பாதுகாப்பு அமைப்புகளுக்கு இதனைப் பரிந்துரைக்கவில்லை.

இரண்டாம் வழி கணித வழி: குவாண்டம் கணினிக்கும் கடினமான வேறு கணக்குகளின் மீது பூட்டு அமைப்பது. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2016இல் உலகெங்கும் உள்ள அறிஞர்களை அழைத்தது. 25 நாடுகளிலிருந்து 82 முறைகள் வந்தன. அவற்றை உடைத்துப் பாருங்கள் என்று உலகத்தின் முன்னே வைத்தது. இறுதிச் சுற்றுகள் வரை வந்த 'சைக்' என்னும் முறையை, 2022இல் பெல்ஜியத்தின் அறிஞர் இருவர் ஒரு சாதாரணக் கணினியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தனர். அதற்குக் குவாண்டம் கருவி தேவைப்படவே இல்லை. இதனைத் தோல்வி என்பதா? பொது அவையில் உடைந்ததால் நாடுகள் தப்பின. மூடிய அறையில் ஏற்கப்பட்டிருந்தால் பகைவன் மட்டுமே அதன் ஓட்டையை அறிந்திருப்பான். நூலை அவையில் அரங்கேற்றித் தடைவிடைகளுக்கு உட்படுத்திய நம் மரபை அறிந்தவர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். தேறிய மூன்று முறைகள் 2024 ஆகஸ்டில் தரநிலைகளாக வெளிவந்தன.

அம்மூன்றில் ஒன்றை வகுத்த குழுவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் இருந்தார். 1990களில் அமெரிக்க அரசு மறையீட்டு மென்பொருளைப் போர்க்கருவிப் பட்டியலில் சேர்த்து, ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்தது. மாணவராக இருந்த பெர்ன்ஸ்டைன் வழக்குத் தொடுத்தார். கணினி நிரலும் பேச்சே, பேச்சுரிமை அதற்கும் உண்டு என்று 1996இல் நீதிமன்றம் கூறிற்று. ஃபில் சிம்மர்மன் என்பவர் தம் மறையீட்டு நிரலை 1995இல் புத்தகமாகவே அச்சிட்டார்; மென்பொருளைத் தடுத்த அரசால் புத்தகத்தைத் தடுக்க இயலவில்லை. எழுத்தை நம்பி வாழும் நாம் மறக்கக்கூடாத நிகழ்ச்சி இது. அன்று அரசு அஞ்சித் தடுத்த அறிவே இன்று அரசுக்குக் கவசமாகியிருக்கிறது. 2024இல் பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா முதலிய நாடுகள் குவாண்டம் கணினிகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. கருவியைக் கட்டுப்படுத்துவதில் நியாயம் இருக்கலாம். கருத்தையும் கட்டுப்படுத்தப் புகுந்தால் பழைய பாடம் திரும்பவும் வரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒளித்துகள் வழித் திறவுகோல் முறையை வகுத்த பென்னட்டும் பிரசார்டும், தம் ஆய்வுரையை 1984 டிசம்பரில் முன்வைத்த இடம் பெங்களூர் என்பது பலர் அறியாத செய்தி. விதை நம் மண்ணில் விழுந்தது. பயிரை விளைவித்தவர்கள் பிறர். 2021இல் இஸ்ரோ 300 மீட்டர் தொலைவுக்குத் திறந்த வெளியில் இம்முறையைச் செய்து காட்டியது. 2022இல் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் தில்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் கம்பி வழியே செய்து காட்டின. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் நான்கு மையங்களுள் குவாண்டம் தகவல்தொடர்புக்கு உரியது சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்தது நமக்குப் பெருமை.

ஆனால் கருவி செய்வது ஒன்று. வீடுதோறும் பூட்டை மாற்றுவது வேறொன்று. பின்னது புகழ் தராத பணி. எந்த அலுவலகத்தில் எந்தப் பழைய பூட்டு தொங்குகிறது என்று கணக்கெடுப்பதிலிருந்து அது தொடங்கவேண்டும். பிரிட்டன் 2025இல் தன் நிறுவனங்களுக்கு நாள் குறித்தது: 2028க்குள் கணக்கெடுப்பு, 2031க்குள் முதன்மையானவற்றில் மாற்றம், 2035க்குள் முழு மாற்றம். அத்தகைய நாட்குறிப்பு மாவட்டத்துச் சிறு மருத்துவமனை வரை எட்டவேண்டும் என்பதே என் கருத்து.

ஏனெனில், நாட்டின் பாதுகாப்பு என்றதும் படைத்திட்டமும் தூதர் மடலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. படைத்திட்டம் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். ஒரு பெண்ணின் மருத்துவக் குறிப்பு அவள் வாழ்நாள் முழுதும் பழையதாகாது. கைவிரல் ரேகை மாறுவதில்லை. திருட்டுப் போனால் புதிய விரலை யாரும் தரமுடியாது. மோஸ்காவின் கணக்கில் மிக நீண்ட ஆயுள் உடைய இரகசியங்கள் குடிமக்களுடையவை. அவற்றைக் கேட்டு வாங்கித் தொகுத்து வைத்திருப்பது அரசு. வாங்கியவர்க்கே காக்கும் கடமை. தன் கோப்புகளுக்கு முதலில் புதுப்பூட்டு, மக்களின் கோப்புகளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஓர் அரசு எண்ணுமாயின், அது வரிசையைத் தலைகீழாக வைக்கிறது.

கவிஞர் பெருமக்களே! இவற்றை மக்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லும் பணி நம்முடையது. குவாண்டம் என்று ஒலிபெயர்ப்பதா, குவையம் என்று ஆக்குவதா என்னும் வழக்காடல் ஒருபுறம் நடக்கட்டும். தம் இரகசியம் எந்தப் பூட்டில் இருக்கிறது என்று ஒரு குடிமகனோ குடிமகளோ அரசிடம் கேட்பதற்கு வேண்டிய சொற்களை முதலில் ஆக்கித் தருவோம். கேட்கத் தெரிந்த மக்களுக்கே அரசு விடை சொல்லும்.