தராசோடு மல்லுக்கட்டு

1997 நவம்பர் 6, பிற்பகல் மூன்று மணி. அமெரிக்காவின் வட கரோலினாவில் 19 வயதுக் கல்லூரிப் பயில்வான் ஒருவர் எடை குறைக்கத் தொடங்கினார். 195 பவுண்டுப் பிரிவில் மோத வேண்டும். 15 பவுண்டு அதிகம். காற்றுப் புகாத உடுப்பு, அதன்மேல் பருத்தி உடை, உடற்பயிற்சி சைக்கிள். தண்ணீரோ அளந்துதான். இரவு பதினொன்றரைக்குள் 9 பவுண்டு போய்விட்டது.

மிச்சம் ஆறு.

நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்காலுக்கு மறுபடி ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போயிற்று, இதயம் நின்றது. அடுத்து விஸ்கான்சினில் ஒருவர், மிச்சிகனில் ஒருவர். 33 நாட்களுக்குள் மூன்று மாணவர்கள், மூவரும் எடை குறைக்கையில் இறந்தவர்கள்.

குறைந்தது கொழுப்பல்ல, தண்ணீர். நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் வேகமாக அடிக்கும், உடல் சூடு வெளியேற வழியிருக்காது. அப்போதெல்லாம் போட்டிக்கு முந்தைய நாளே எடை பார்த்துவிடலாம். பிறகு குடித்துச் சாப்பிட்டுத் தேறி, தன்னைவிடச் சின்ன ஆளோடு மோதலாம் என்பது கணக்கு. ஆனால் உடல் எடையில் 2 சதவீதம் நீர் போனாலே தாக்குப்பிடிக்கும் திறன் சரியத் தொடங்கும்.

சோம்பேறிகள் யாரும் இப்படிச் செத்ததில்லை. பாதியில் இறங்கித் தண்ணீர் குடிக்கத் தெரியாத விடாப்பிடிதான் ஆபத்தாயிற்று. விடாமுயற்சியை ஆராய்ந்த உளவியலாளர் ஆஞ்சலா டக்வொர்த் அதை நெடுங்கால இலக்கோடு சேர்த்தே விளக்குகிறார். ஒரே ராத்திரிப் பிடிவாதம் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் எடை குறைக்கும் பழக்கம் லேசில் போவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தார். 100 கிராம் கூடுதல். இறுதிப் போட்டி கைவிட்டுப் போனது.

அந்த மூன்று சாவுகளுக்குப் பிறகு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, உபதேசம் செய்வதோடு நிற்காமல் 1998-ல் விதியையே மாற்றியது. ரப்பர் உடுப்பு, நீராவி அறை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை எல்லாவற்றுக்கும் தடை. எடை பார்ப்பது போட்டிக்குச் சற்று முன்புதான். குடித்துத் தேற அவகாசம் இல்லை. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை நிர்ணயிப்பார்கள். அதற்கு முன் ஒரு சின்னக் கிண்ணத்தில் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதன் அடர்த்தி எண் 1.020-ஐத் தாண்டினால் உடம்பில் நீர் போதவில்லை என்று பொருள்; அன்றைக்கு அந்தப் பையனைத் தராசுப் பக்கமே விடமாட்டார்கள்.