கப்பல் பயணமும் சிகரெட் புகையும்: டிக்கெட் வாங்குமுன் ஒரு வார்த்தை

(மே 31, உலகப் புகையிலை ஒழிப்பு தினத்தன்று நம் சங்கக் கூடத்தில் நடந்த மூத்த குடிமக்கள் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிசம்பரில் நம் குடியிருப்பிலிருந்து பதினோரு குடும்பங்கள் சேர்ந்து கப்பல் சுற்றுலா போவதாகப் பேச்சு நடக்கிறது. சென்னையிலிருந்தா, சிங்கப்பூரிலிருந்தா என்று இன்னும் முடிவாகவில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கொர்டீலியா கப்பல் புறப்பட ஆரம்பித்த பிறகு, நம்மைப் போன்றவர்களுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். சாப்பாடு, கட்டணம், பாஸ்போர்ட் பற்றியெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேசியாகிவிட்டது. யாரும் பேசாத ஒன்றைச் சொல்லத்தான் செயலாளரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். அது சிகரெட் புகை.

நம் பயணக் குழுவில் ஆஸ்துமா உள்ளவர்கள் மூன்று பேர். ஸ்டென்ட் வைத்தவர்கள் இரண்டு பேர். ஐந்து வயது நிறையாத பேரப் பிள்ளைகள் நான்கு பேர். என் மனைவிக்கு வீசிங் தொந்தரவு உண்டு. ஆகவே இது வீண் பேச்சு இல்லை.

புகைப்பவர்களைத் திட்ட நான் வரவில்லை. 1980களில் நான் பாங்கில் சேர்ந்தபோது, பக்கத்து மேசை நண்பர் புகைத்துக்கொண்டேதான் வவுச்சர் போஸ்ட் செய்வார். லெட்ஜரில் சாம்பல் விழும், ஊதிவிட்டு எழுதுவார். அருமையான மனிதர். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர் நினைத்தால் எழுந்து வெளியே போய்ப் புகைக்கலாம். நான் எழுந்து போக முடியாது. என் கவுண்டரில் வரிசை நிற்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: புகை பற்றி ஒரு விதி போடும்போது, அந்த இடத்தை விட்டு எழுந்து போக முடியாதவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் உடல்நலக் கணக்கு. சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. தான் புகைக்காமல், பிறர் விடும் புகையால் மட்டும் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006இல் வெளியிட்ட அறிக்கை இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. ஒன்று, இந்தப் புகையில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. இரண்டு, ஒரே கட்டடத்துக்குள் புகைப்பவர்களைத் தனியாக உட்காரவைப்பதாலோ, காற்றை வடிகட்டுவதாலோ, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதாலோ முழுப் பாதுகாப்பு வராது. ஏசி பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயும் இதையே சொல்கிறது. ஏசி விற்கிற துறையே 'எங்கள் மெஷினால் இது முடியாது' என்கிறதென்றால் நாம் நம்பலாம்.

இப்போது கப்பலுக்கு வருவோம். கப்பல் என்பது மிதக்கும் அபார்ட்மென்ட். பத்துப் பன்னிரண்டு மாடி, பல லிஃப்ட், நடுவே திறந்த மாடிப்படி. கீழ்மாடிப் புகை அதன் வழியாக மேலே ஏறும். அடுத்தடுத்து ஒட்டிய பால்கனிகள். ஹோட்டல் பிடிக்கவில்லை என்றால் வேறு ஹோட்டல் பார்க்கலாம். நடுக்கடலில் எங்கே போவது?

இதைக் கப்பல் கம்பெனிகள் அறியாமல் இல்லை. கார்னிவல் நிறுவனம் 1998இல் 'பாரடைஸ்' என்ற கப்பலை முழுக்கப் புகையில்லாக் கப்பலாகவே விட்டது. சிகரெட்டோடு பிடிபட்டால் 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அவ்வளவு கண்டிப்பு. ஆனால் 2004இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். புகைக்காத பயணிகள் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் குறைவாகவே செலவழித்தார்கள், வருமானம் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். டிக்கெட் விலையில் மட்டும் கப்பல் ஓடுவதில்லை. உள்ளே நாம் செய்யும் செலவில்தான் லாபம். காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே புரிந்துவிடும்.

பிறகு மாற்றம் எப்படி வந்தது? 2006 மார்ச் 23, விடியற்காலை மூன்று மணி. 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற கப்பல் கிராண்ட் கேமன் தீவிலிருந்து ஜமைக்காவின் மாண்டிகோ பே துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் 2,690 பேர், ஊழியர்கள் 1,123 பேர். ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. பால்கனித் தடுப்புகள், நாற்காலிகள், தரை ஓடுகள் எல்லாம் பிளாஸ்டிக் வகை. பால்கனியில் புகை கண்டறியும் கருவியும் இல்லை, தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் இல்லை. சில நிமிஷங்களில் தீ மேல் மாடிகளுக்குத் தாவியது. அணைக்கச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆனது. புகையை சுவாசித்து ஒரு பயணி இறந்தார். 79 அறைகள் அடியோடு வீண், மேலும் 218 அறைகளுக்குச் சேதம். விசாரித்த பிரிட்டன் கடல் விபத்துப் பிரிவு, யாரோ வீசிய சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணம் என்று முடிவு சொன்னது.

அதன் பிறகுதான் பால்கனிகளுக்கான தீத்தடுப்பு விதிகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கடுமையாக்கியது. 2008 ஜூலையில் அவை நடைமுறைக்கு வந்தன. ஆனால் பால்கனியில் புகைக்கக் கூடாது என்ற விதி அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. அந்தக் கப்பலுக்குச் சொந்தமான பிரின்சஸ் நிறுவனமே அறைகளிலும் பால்கனிகளிலும் 2012 ஜனவரியில்தான் தடை போட்டது. ராயல் கரீபியன் பால்கனித் தடையை 2014 ஜனவரியிலும், கார்னிவல் அதே ஆண்டு அக்டோபரிலும் கொண்டுவந்தன. இன்று பல பெரிய கம்பெனிகளில் மீறினால் 250 டாலரிலிருந்து 500 டாலர் வரை பில்லில் ஏறும்.

அறையும் பால்கனியும் சரியாயின. கேசினோ? அங்கே பல கப்பல்களில் இன்றும் புகைக்கலாம். காரணம், முன்பு சொன்ன வருமானக் கணக்குதான். அந்த கேசினோவும் ஒதுக்குப்புறமாக இருக்காது. தியேட்டருக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே, எல்லோரும் கடந்து போகும் வழியில் இருக்கும். சில வருஷங்களுக்கு முன் நாங்கள் போன ஒரு கப்பலில் இதை அனுபவித்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு கேசினோ வழியாகப் போனால் என் மனைவிக்கு இருமல் தொடங்கிவிடும். வரவேற்பு மேசையில் சொன்னோம். 'அது அனுமதிக்கப்பட்ட இடம் சார்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. மீதி நாட்கள் ஒரு மாடி ஏறி, சுற்றிக்கொண்டு போய், பின்பக்கப் படியில் இறங்கினோம்.

நாங்கள் சுற்றிப் போனோம். அந்த மேசையில் சீட்டுப் போடும் பெண்ணும், தட்டு ஏந்தி நிற்கும் பையனும் எங்கே போவார்கள்? கப்பல் ஊழியர்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவைச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம். தினம் பத்து மணி நேரத்துக்குக் குறையாத வேலை. நமக்கு ஐந்து நாள் புகை, அவர்களுக்கு ஒன்பது மாதப் புகை. சட்டமும் எளிதில் கை கொடுக்காது. கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, நடுக்கடலில் பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டம்தான். பெரும்பாலான கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று எங்கேயோ பதிவாகியிருக்கும்.

விமானத்திலும் ஒரு காலத்தில் பின் வரிசைகளில் புகைத்தார்கள். அமெரிக்காவில் 1988இல் இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட உள்நாட்டு விமானங்களில் தடை, 1990இல் ஆறு மணி நேரம் வரை, 2000இல் எல்லா விமானங்களிலும். விமானப் பணிப்பெண்கள் சிகரெட் கம்பெனிகள் மேல் 1991இல் வழக்குப் போட்டு, 1997இல் 30 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை அந்தப் பணத்தில்தான் உருவானது. எழுந்து போக முடியாதவர்கள் பேசினால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

சரி, நாம் என்ன செய்யலாம்? பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் இவற்றைக் கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வையுங்கள்.

1. அறையிலும் பால்கனியிலும் புகைக்கத் தடை உண்டா? அபராதம் எவ்வளவு? விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், இப்போதுள்ளதைக் கேளுங்கள்.

2. புகைக்கும் இடம் எந்த மாடியில், எந்தப் பக்கம்? கப்பல் முன்னே போகும்போது காற்று பின்பக்கம் அடிக்கும். ஆகவே அந்த இடத்துக்குப் பின்னாலும் நேர் மேலேயும் உள்ள அறைகளைத் தவிருங்கள்.

3. கேசினோவில் புகைக்கலாமா? அதன் வழியாகப் போகாமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு வேறு வழி உண்டா? டெக் பிளானை வாங்கிப் பாருங்கள். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், வேறு படி கட்டாயம் இருக்கும்.

4. ஆஸ்துமா இருப்பதை முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி அறைக்கு வந்து சேர பல மணி நேரம் ஆகலாம்.

5. பக்கத்து அறைப் புகை வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். நாள், நேரம், அறை எண் குறித்து வரவேற்பு மேசையில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும், எழுதியது ரெக்கார்டில் நிற்கும்.

குழுவில் புகைக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துண்டைக் கடலில்தானே வீசுகிறோம் என்று நினைக்காதீர்கள். காற்று அதைக் கீழ்மாடிப் பால்கனிக்குள் கொண்டுவந்து போட்டுவிடும்.

கடைசியாக, நம் வளாகத்துக்கே வருகிறேன். நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை, 200 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் நம் மாடிப்படிக்குப் பொருந்துமா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. மாடிப்படியில் புகைக்க வேண்டாம் என்று சங்கம் இரண்டு வருஷம் முன்பே கேட்டுக்கொண்டது, எல்லோரும் மதித்தார்கள். ஆனால் இப்போது எல்லோரும் எங்கே போய்ப் புகைக்கிறோம் என்று கவனித்தீர்களா? கேட்டருகே, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில். நம் வீட்டுக்குள் புகை வரவில்லை, உண்மை. அங்கே பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் அறைக்குள் போகிறது. ஒருநாள் கேட்டேன். 'நான் எப்படிங்க சார் சொல்றது?' என்றார். அவர் சொல்ல முடியாது, நாம் சொல்ல முடியும்.

பின்மதில் ஓரம் வேப்ப மரத்தடியில் திறந்த இடம் இருக்கிறது. ஜன்னல்கள் எதுவும் பக்கத்தில் இல்லை. அங்கே ஒரு பெஞ்சும், மணல் போட்ட வாளியும் வைத்துவிட்டு, கேட்டருகே புகைப்பதை நிறுத்தும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரக் கோருகிறேன். செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். அந்தத் தொகையை நானே தருகிறேன். முன்மொழிய நான் தயார், வழிமொழிய ஒருவர் வேண்டும்.