பால்வாடியின் உள்ளே சென்று பார்ப்போம்

(நமது ஜமாஅத் பெற்றோர் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

கல்வி உதவி கோரி நமது குழுவுக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 3 வயது நிரம்பிய மகனை ஆங்கில நர்சரி பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு சகோதரி உதவி கேட்டிருந்தார். முதல் தவணைக்குக் காதுத் தோட்டை அடகு வைத்தாயிற்று. இரண்டாம் தவணைக்கு வழியில்லை. அவருடைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பால்வாடி இருக்கிறது. “அங்கே சேர்க்கலாமே அம்மா” என்றோம். “அங்கு சோறுதானே போடுவார்கள், படிப்பு ஏது?” என்றார். “உள்ளே சென்று பார்த்தீர்களா?” என்று கேட்டோம். “இல்லை” என்றார். கேட்ட பிறகுதான் எங்களுக்கே உறைத்தது: குழுவில் அமர்ந்திருந்த எங்களில் ஒருவர்கூட அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

ஆகவே, பணியாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, நமது மஹல்லாவை ஒட்டியுள்ள 2 மையங்களுக்குச் சென்று, காலை முதல் மதிய உணவு முடியும்வரை அமர்ந்து பார்த்தோம். எங்கள் வீட்டுப் பெண்களும் உடன் வந்தனர். அங்கு கண்டதையும், பெற்றோர் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு செய்தி. நாம் பால்வாடி என்றழைக்கும் அங்கன்வாடி, யாரும் நமக்கு இடும் தர்மம் அன்று. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1982 ஜூலை 1 முதல் இம்மையங்களுக்கு வரும் சிறு குழந்தைகளுக்கும் சத்துணவு கிடைத்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியே கிடைக்கும் உணவைச் சட்டப்படியான உரிமையாக்கிவிட்டது. எனவே, அங்கு குழந்தையை அனுப்புவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. நமக்கு உரிமையான ஒன்று நன்றாக நடக்கிறதா என்று பார்ப்பதே நம் வேலை.

இனி, பார்க்க வேண்டியவை.

ஒன்று: குழந்தையை வரவேற்கும் விதம். சுவரில் வரைந்த படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலையில் குழந்தை உள்ளே நுழையும்போது ‘டீச்சர்’ அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறாரா, அழும் பிள்ளையை என்ன செய்கிறார், தாமும் தரையில் அமர்ந்து அதன் முகம் பார்த்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். கையில் குச்சி இருந்தால் அதையும் கவனியுங்கள்.

இரண்டு: எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் என்பது. ஒரு மையத்திற்குப் பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் இருக்க வேண்டும். உதவியாளர் சமைக்கும் நேரத்தில் பிள்ளைகள் அனைவரும் ஒருவர் பொறுப்பில்தான் இருப்பார்கள். பணியாளர் வேறொரு மையத்தையும் கூடுதலாகக் கவனிப்பவராக இருந்தால், அவர் எந்தெந்த நாட்களில் இங்கு வருகிறார் என்று கட்டாயம் கேளுங்கள்.

மூன்று: கற்பிக்கும் முறை. இங்குதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். 3 வயதில் ‘ஏ, பி, சி’ எழுதினால்தான் படிப்பு என எண்ணுகிறோம். மணிக்கட்டு எலும்புகள் முழுமையாக உருப்பெறாத வயது அது. பென்சில் பிடிக்கும் முன் அந்தக் கை களிமண் பிசைய வேண்டும். புளியங்கொட்டைகளை எண்ணி, வகை பிரித்து வைக்க வேண்டும். தமிழக அங்கன்வாடிகளுக்கென ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவை அன்றாடம் நடக்கின்றனவா, விளையாட்டுப் பொருட்கள் பிள்ளைகள் கைக்கு எட்டுகின்றனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அப்பிள்ளை தன் மொழியில் தண்ணீர் கேட்டால் டீச்சருக்குப் புரிய வேண்டும். அத்தகைய சில சொற்களை முதல் நாளே அவரிடம் சொல்லி வையுங்கள்.

நான்கு: உணவு. 3 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது 2013-இல் சட்டம் முதலில் வகுத்திருந்த அளவு. வாரத்தில் 3 நாட்கள் முட்டை தரப்படுகிறது. இறைச்சி சமைக்கப்படுவதில்லை, ஆகவே ஹலால் குறித்த தயக்கம் யாருக்கும் வேண்டியதில்லை. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுகிறார்களா, குடிநீர் மூடி வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

ஐந்து: எடை அட்டை. மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்க வேண்டும். பச்சைப் பகுதியில் புள்ளி இருந்தால் வயதுக்கேற்ற எடை. மஞ்சள் என்றால் குறைவு. ஆரஞ்சு என்றால் மிகவும் குறைவு. கட்டணம் வாங்கும் நர்சரிகளில் இப்படி மாதந்தோறும் எடை பார்த்துச் சொல்பவர் யார்?

ஆறு: கட்டிடம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் மடிந்தனர். அந்த நாளை எந்தப் பெற்றோரும் மறக்கலாகாது. அடுப்பு தனி அறையில் உள்ளதா, வெளியேற வழி தடையின்றி இருக்கிறதா, சுற்றுச்சுவருக்கு வாயிற்கதவு உண்டா, கிணறோ திறந்த சாக்கடையோ அருகில் உள்ளதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அரசு மையமானாலும், பணம் கட்டும் நர்சரியானாலும் இக்கேள்விகளில் மாற்றமில்லை.

நாங்கள் கண்டதை மறைக்காமல் சொல்கிறோம். முதல் மையத்தில் 19 பிள்ளைகள் இருந்தனர். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலைமையையும் அறிந்திருந்தார். கதை கேட்ட பிள்ளைகள் அதையே நடித்துக் காட்டினர். கூரைக் காரை ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது ஒன்றுதான் குறை. இரண்டாம் மையத்தின் நிலை வேறு. பணியாளர் கூடுதல் பொறுப்பில் வேறிடம் சென்றிருந்தார். உதவியாளர் ஒருவரே சமைத்துக்கொண்டும், அதே அறையில் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டும் இருந்தார். கழிப்பறை பூட்டியிருந்தது. அந்த அம்மையாரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு கைகளால் எத்தனை வேலைதான் செய்ய முடியும்? எனினும், இன்றைய நிலையில் அங்கு சிறு பிள்ளைகளை விடுமாறு உங்களுக்குச் சொல்லவும் எங்களால் இயலாது.

அதற்காகக் கைவிட்டுவிடலாமா? வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்தோம். கழிப்பறை திறக்கப்பட்டு, குழாய் சரிசெய்யப்பட்டது. நிரந்தரப் பணியாளர் இன்னும் வரவில்லை. தொடர்ந்து கேட்டு வருகிறோம். ஊராட்சிப் பகுதியில் வசிப்போர் கிராம சபைக் கூட்டத்திலும் இதை எழுப்பலாம். மையமே இல்லாத பகுதியினர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது உள்ள குடியிருப்பினர் கேட்டால் 3 மாதங்களுக்குள் மையம் அமைத்துத் தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

குறை கண்டால் முதலில் டீச்சரிடம் பணிவாகப் பேசுங்கள். அதிகாரி போல் விசாரிக்காதீர்கள். நமது பிள்ளைகள் போகாமல் நின்றுவிட்டால் வருகைப் பதிவு குறையும். கேட்பாரில்லாத இடம் மேலும் நலியும். அதனால் பாதிக்கப்படுவது வேறு வழியற்ற ஏழைப் பிள்ளைகளே. அவர்கள் எந்த மதத்தவராயினும் நமது அண்டை வீட்டார்தாம்.

அந்தச் சகோதரியும் எங்களுடன் முதல் மையத்தில் ஒரு காலைப் பொழுது முழுவதும் அமர்ந்திருந்தார். திரும்பும்போது ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வந்து, “இந்த வருடம் இங்கேயே விடுகிறேன், அடுத்த வருடம் பார்ப்போம்” என்று கூறித் தமது விண்ணப்பத்தை ஒத்திவைத்தார். நர்சரிதான் வேண்டும் என்று அவர் முடிவெடுத்திருந்தாலும் நாங்கள் உதவியிருப்போம். பார்த்த பின் முடிவெடுக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதல் மையத்திற்கு ஒரு தண்ணீர் வடிகட்டியும் பாய்களும் வாங்கித் தர நிர்வாகக் குழு இசைந்துள்ளது. வரும் திங்கட்கிழமை காலையில் மீண்டும் அங்கு செல்கிறோம். 2 வயது நிறைந்த பிள்ளைகள் உள்ள பெற்றோர், முக்கியமாகத் தாய்மார்கள், உடன் வருமாறு அன்புடன் அழைக்கிறோம்.

வஸ்ஸலாம்.