கருமுட்டை இருப்புக் குறைவு: முதல் ஆலோசனையில் சொல்ல வேண்டியவை



இந்தக் கருத்தரங்கை ஏற்காட்டு மலையில் உள்ள கிளியூரில் வைக்கலாமா என்று அமைப்பாளர்கள் கேட்டபோது உடனே சம்மதித்தேன். இங்கே காபித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்குச் சோதனைக்குழாய் சிகிச்சை தேவைப்பட்டால் என்ன ஆகும்? மாதவிலக்கின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஊசி தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் தொடரும். இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் போய்த் திரும்ப வேண்டும். அன்றைய கூலி போய்விடும். கடைசி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பேருந்து கிடைக்கவில்லை என்றால் அத்தனை ஊசியும் வீண். இவ்வளவும் செய்த பிறகு ஒரே ஒரு முட்டை கிடைக்கிற பெண்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பெண் சிசு தாயின் வயிற்றில் 20 வாரமாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். அவற்றில் வாழ்நாள் முழுவதும் வெளிவருபவை ஏறத்தாழ நானூறுதான். மற்றவை தாமாகவே கரைந்துபோகும். கரையும் வேகம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்பானியப் பெண்களையும் இந்தியப் பெண்களையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆய்வு, நம் பெண்களின் சினைப்பை ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாக மூப்படைவதாகச் சொன்னது. சினைப்பையில் வரும் சாக்லேட் கட்டிக்கான அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் மருந்துகள், சில மரபணுக் கோளாறுகள் ஆகியவையும் இருப்பைக் குறைக்கும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி மட்டும் எல்லாக் கல்யாண வீட்டிலும் குழந்தையில்லாத பெண்ணைத்தான் தேடி வருகிறது. கணவரின் விந்தணுப் பரிசோதனை செய்யாமலே அவளுக்கு மூன்று மருத்துவமனைச் சீட்டுகள் சேர்ந்துவிடுகின்றன. இது நம் துறைக்கே தலைகுனிவு என்பேன்.

இனி ஏ.எம்.ஹெச். பரிசோதனைக்கு வருகிறேன். சினைப்பையின் சிறு நுண்பைகளிலிருந்து சுரக்கும் ஹார்மோன் அது. ஊசி போட்டால் எத்தனை முட்டை வரலாம் என்பதை அது ஓரளவு நன்றாகவே கணிக்கும். கருத்தரிப்பாளா மாட்டாளா என்பதை அது சொல்லாது. 30 முதல் 44 வயது வரையிலான, குழந்தையின்மை வரலாறு இல்லாத ஏறத்தாழ 750 பெண்களைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2017-ல் வெளியானது. ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். முட்டையின் தரத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது வயது. முப்பது வயதில் இருப்பு குறைந்தவளும் நாற்பத்து மூன்றில் குறைந்தவளும் ஒரே நோயாளிகள் அல்லர். ஆனால் இருவரின் கையிலும் ஒரே அச்சிட்ட தாளைக் கொடுத்து, "முட்டை இல்லைம்மா" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்புகிறோம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் முட்டையும் கூடும் என்பது நோயாளியின் நம்பிக்கை. நம்மில் சிலரும் அப்படியே நினைக்கிறோம். ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. வளர்ச்சி ஹார்மோனையும் டி.ஹெச்.இ.ஏ. என்ற ஹார்மோனையும் வழக்கமாகக் கொடுக்க அது பரிந்துரைக்கவில்லை. சினைப்பைக்குள் பி.ஆர்.பி. எனப்படும் தட்டணு செறிந்த பிளாஸ்மாவைச் செலுத்துவது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பணம் வாங்குபவர்கள் இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடுத்ததைச் சொல்ல மனம் கனக்கிறது. இருப்பு குறைந்த பெண்ணிடம் முதல் சந்திப்பிலேயே "டோனர் முட்டை" என்று சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்த முட்டை யாரிடமிருந்து வருகிறது? 2022 ஜூனில் ஈரோட்டில் வெடித்த வழக்கை இந்த அவை மறந்திருக்காது. பதினாறு வயதுச் சிறுமியிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுத்து விற்றதாகப் புகார். வயதை மறைக்கப் போலி ஆதார். கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருவர். விசாரணை சேலம் வரை நீண்டது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் உதவிக் கருத்தரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி, முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது; வாழ்நாளில் ஒரே முறை; ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது; அவருக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். டோனர் முட்டையால் தாயாகி நிறைவாக வாழும் பெண்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. சொந்த முட்டையில் வாய்ப்பு இருக்கும் பெண்ணை அவசரப்படுத்தி அந்தப் பக்கம் தள்ளும்போது, தேவையற்ற தேவை ஒன்றை நாமே உண்டாக்குகிறோம். அந்தத் தேவையைத் தரகர்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டி நிறைவேற்றுகிறார்கள் என்பதை ஈரோடு காட்டிவிட்டது.

இனிச் செலவுக்கு வருகிறேன். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-லேயே தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் கையில்தான் இருக்கிறது. கடன் வாங்கி ஒரு சுற்றுக்கு வருபவளுக்கு இரண்டாம் சுற்று கிடையாது. இருப்பு குறைந்தவளுக்கோ இரண்டு, மூன்று சுற்றுகளில் முட்டை சேர்த்தால்தான் பலன் கிடைக்கலாம்.

ஆகவே அமர்வுகளிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். ஏ.எம்.ஹெச். முடிவோடு, வயதுக்கு ஏற்ற விளக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள். கணவரின் பரிசோதனை முதலில் என்ற வரியும் அதில் இருக்கட்டும். ஸ்கேனை ஏற்காட்டு அரசு மருத்துவமனையிலேயே எடுத்து, முட்டை எடுக்கும் நாளன்று மட்டும் நோயாளியைச் சேலத்துக்கு வரச்சொல்ல என்னென்ன வேண்டும் என்று கணக்கிட்டு, நாளை மாலைக்குள் மனுவாக்குங்கள். அதில் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.