கேட்கத் தெரிந்த காது

('சமூக ஆராய்ச்சி செய்யும் மாணவருக்குப் பெரிதும் வேண்டுவது கணக்குப் போடத் தெரிந்த கையா? கேட்கத் தெரிந்த காதா?' என்ற பட்டிமன்றத்தில், 'காதே' என்னும் அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய தம்பி புள்ளியியல் படித்தவர். "ஆராய்ச்சியிலே கை-ஸ்கொயர்னு ஒரு சோதனை இருக்கு, பேர்லயே கை இருக்கு பாருங்க" என்று ஒரு போடு போட்டார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, தம்பி சொன்னது காதிலே விழுந்த பிறகுதானே கை தட்டியது? (சிரிப்பு) காது முந்தி, கை பிந்தி. என் கட்சி அவ்வளவுதான். ஆனாலும் கொடுத்த நேரத்தைப் பேசித்தானே ஆகணும்!

வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் கேட்கலாம், "ஆராய்ச்சி முறைன்னா என்னங்க?" என்று. உங்கள் மகனோ மகளோ சமூகவியல், பொருளியல், சமூகப்பணி என்று முதுகலை படித்தால், ஒரு தாள் கட்டாயம் இருக்கும். எதை ஆராய்வது, யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படித் தொகுப்பது என்று சொல்லித் தருகிற தாள் அது. ஐந்து வேலை சொன்னேன். அதிலே எத்தனை இடத்திலே 'கேட்பது' வந்தது? நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு பழமொழி சொன்னார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அதுதான் மாதிரி எடுக்கும் கணக்கு என்றார். அருமை. ஆனால் சமைக்கிற அம்மாவைக் கேளுங்கள். பானையைக் கிளறாமல் மேலாக ஒரு பருக்கை எடுத்தால் என்ன ஆகும்? மேலே அரிசி, அடியிலே குழைசல்! (சிரிப்பு) கிளறிவிட்டு எடுத்தால்தான் பதம் தெரியும்.

1936-லே அமெரிக்காவிலே ஜனாதிபதித் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்று ஒரு பத்திரிகை, ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேலே பதில் வந்தது. எண்ணினார்கள். கூட்டினார்கள். லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். நடந்தது என்ன? 48 மாநிலங்களிலே 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். எங்கே தப்பு? கூட்டலிலே தப்பே இல்லை. அட்டை போனது பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்தில் பேர் உள்ளவனுக்கும், கார் வைத்திருந்தவனுக்கும். பஞ்சத்திலே அடிபட்டு, டெலிபோனும் இல்லாமல் காரும் இல்லாமல் இருந்தவன் குரல் அந்தப் பத்திரிகையின் காதிலே சரியாக விழவில்லை. பதில் எழுதாமல் இருந்துவிட்டவனும் கணக்கிலே வரவில்லை. 23 லட்சம் என்ன, 23 கோடியே வந்தாலும், யாருடைய குரல் விடுபட்டுப் போச்சு என்று தேடத் தெரியாதவனுக்கு அந்த எண் உதவாது.

சரி, அமெரிக்கா போக வேண்டாம். நம்ம ஊருக்கு வருவோம். ஒரு மாணவி. எம்.ஏ. இறுதியாண்டு. கையிலே 40 கேள்வி கொண்ட வினாப்பட்டியல். ஒரு கிராமத்திலே ஒரு வீட்டு வாசல்.

"அம்மா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நான் ஒண்ணும் வேலைக்குப் போவல கண்ணு. வூட்ல சும்மாதான் இருக்கேன்."

மாணவி 'வேலை இல்லை' என்ற கட்டத்திலே டிக் போடக் கையைக் கொண்டுபோகிறாள். கை தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் காது சும்மா இல்லை. அந்த அம்மா பேசிக்கொண்டே மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாள். பேசிக்கொண்டே விதைக்கடலை உடைக்கிறாள். மாணவி பேனாவை மூடிவிட்டுத் திண்ணையிலே உட்கார்ந்தாள். "காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணீங்க, வரிசையா சொல்லுங்கம்மா" என்றாள்.

அந்த அம்மா சொல்லச் சொல்ல வருகிறது. நாலரை மணிக்குச் சாணி அள்ளியது, பால் கறந்தது, ரெண்டு குடம் தண்ணி, சோறு ஆக்கியது, சொந்தக் கொல்லையிலே களை எடுத்தது, சுள்ளி பொறுக்கியது, மாமியாருக்கு மருந்து கொடுத்தது. சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மா சொன்னாளாம்: "அட, இம்மாம் வேலையா செஞ்சேன்? இதை எங்கிட்ட யாருமே கேட்டதில்லை கண்ணு."

நடுவர் அவர்களே! அன்றைக்கு அந்த மாணவி என்னிடம் வந்து சொன்னதை மறக்க முடியாது. "சார், எங்கம்மாவைப் பத்தி யார் கேட்டாலும் வீட்ல சும்மாதான் இருக்காங்கன்னு இத்தனை வருஷமா நானும் சொல்லிட்டிருந்தேன் சார்" என்றாள். அவள் ஆராய்ச்சி முறை கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையிலே. (கைதட்டல்)

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று எதிரணி தள்ளிவிட முடியாது. 1970-களிலே தேவகி ஜெயின் என்ற பொருளியல் அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் ராஜஸ்தான், மேற்கு வங்காளக் கிராமங்களிலே பெண்களின் பொழுது எப்படிப் போகிறது என்று நேரத்தைக் குறித்துப் பார்த்தார்கள். 'வேலை செய்யாதவர்' என்று ஏட்டிலே இருந்த பெண்களில் பலர் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட குரல்கள் திரும்பத் திரும்ப எழுந்த பிறகு, 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே, வேலை செய்தீர்களா என்ற கேள்வியோடு, சொந்த வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலி வாங்காமல் செய்த வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினார்கள். 1998-99-லே தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களிலே 18,591 குடும்பங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. 2019-லே நாடு முழுவதும் நடந்தது. அதிலே வந்த கணக்கைச் சொல்கிறேன்; வீட்டிலே இருக்கும் ஐயாக்கள் கொஞ்சம் டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். (சிரிப்பு) சம்பளமில்லாத வீட்டு வேலையிலே ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளிலே செலவிடுவது சராசரி 299 நிமிடம். ஆண்? 97 நிமிடம்!

இங்கே எதிரணி அம்மையார் எழுந்து கேட்பார்: "பாத்தீங்களா, கடைசியிலே 299-னு ஒரு எண்தானே உங்களுக்கும் கைகொடுத்தது?" ஆமாம் தாயே, கைகொடுத்தது. எண்ணை நான் பழிக்கவில்லை. ஒரு அம்மா சொன்னது ஊர் முழுக்க உண்மையா என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஆனால் எதை எண்ணுவது என்று முதலில் சொன்னது யார்? கணக்கு அதுவரைக்கும் 'சும்மா இருக்கிறாள்' என்று பூஜ்யம் போட்டுத்தானே வைத்திருந்தது? பூஜ்யத்தை எத்தனை கை-ஸ்கொயரால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே ஐயா! (கைதட்டல்)

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இதிலே ஒரு பெருமை உண்டு. அங்கே இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915-லே வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். அவர் மாணவர்களை வகுப்பிலேயே உட்கார வைக்கவில்லை. 1916-லே கையிலே வினாப்பட்டியலைக் கொடுத்து, "விடுமுறைக்கு உங்க ஊருக்குத்தானே போறீங்க, அந்த ஊரையே படிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று அந்த ஊர்களின் கதை 1918-லே புத்தகமாக வந்தது. 20 ஆண்டு கழித்து, 1936-37-லே பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் தலைமை ஏற்று அதே ஊர்களை மறுபடி பார்த்தார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1980-களிலும் ஆய்வாளர்கள் போனார்கள், 2008-லும் போனார்கள். ஏறக்குறைய 90 ஆண்டு, ஒரே ஊர்! நிலம் யார் கையிலே இருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது, யார் யாருக்கு அடங்கி நின்றார்கள், எப்போது நிமிர்ந்தார்கள் என்று இன்றைக்கு நாம் பேச முடிகிறது என்றால், அதற்கு வித்து அந்த மாணவர்கள் விடுமுறையிலே போய்க் கேட்டதுதான்.

"காது ஏமாறுமே, சொந்த ஊர்க்காரன் தன் தெருவின் பேச்சைத்தானே கேட்பான்" என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி. மைசூர்ப் பக்கத்திலே ராம்புரா என்று பேர் கொடுத்து, 1948-லே ஒரு கிராமத்திலே போய்த் தங்கினார் எம்.என். சீனிவாஸ். பின்னாலே தொகுத்து மூன்று பிரதி எடுத்து வைத்திருந்த குறிப்புகள், 1970-லே அமெரிக்காவிலே ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பிலே எரிந்து போயின. என்ன செய்தார்? ஊர் அவர் நினைவிலே இருந்தது. நினைவிலிருந்தே எழுதினார். 1976-லே வந்த அந்த நூல் இன்றைக்கும் சமூகவியல் மாணவர் படிக்கிற நூல். அட்டவணை மட்டும் வைத்திருந்தவனாக இருந்தால் தீயோடு ஆராய்ச்சியும் போயிருக்கும். அதைவிடப் பெரிது ஒன்று சொல்கிறேன். தாம் பார்த்தது பெரும்பாலும் மேல்சாதிக்காரர் பக்கத்திலிருந்து பார்த்த பார்வை என்பதையும் அவரே சொல்லிக்கொண்டார். எந்தத் தெருவிலே உட்கார்ந்து கேட்டோம், எந்தத் தெருவிலே கேட்கவில்லை என்று தெரிந்திருப்பதும் காதின் பயிற்சிதான்.

நான் தமிழ் படித்தவன். இந்த விஷயத்திலே நமக்கு ஒரு பேறு உண்டு. 'கேள்வி' என்றால் நமக்கு வினா என்றும் பொருள், செவியால் கேட்டுப் பெறும் அறிவு என்றும் பொருள். வள்ளுவர் கல்வியை 40-ஆம் அதிகாரமாக வைத்தார். அறிவுடைமையை 43-ஆம் அதிகாரமாக வைத்தார். இரண்டுக்கும் நடுவிலே 42-ஆம் அதிகாரம் என்ன? கேள்வி! கல்வியிலிருந்து அறிவுக்குப் போகிற பாதை காது வழியாகப் போகிறது. (கைதட்டல்) இன்றைக்கு மாணவன் கேள்வி தயாரிக்கிறான். ஆனால் கேள்வியை விட்டுவிடுகிறான்.

விடுவதால் என்ன குடிமுழுகிப் போகிறது என்கிறீர்களா? பரீட்சை நெருங்கும்போது விடுதி அறைகளிலே நடப்பதைச் சொல்லட்டுமா? "மாப்ள, பத்து ஃபாரம் நீ ஃபில் பண்ணு, பத்து நான் பண்றேன்." ஒரே ராத்திரியிலே 100 விவசாயிகள் பிறந்துவிடுகிறார்கள்! (சிரிப்பு) பேனா மட்டும் மாறி மாறி வரும். கணிப்பொறிக்கு இது தெரியுமா? போட்டதை வாங்கிக்கொண்டு சராசரி, விழுக்காடு, கை-ஸ்கொயர் எல்லாம் நொடியிலே கொடுத்துவிடும். பட்டமும் வந்துவிடும். சிரித்துவிட்டோம், ஆனால் இப்படித் தேர்ந்த பிள்ளைதான் நாளைக்கு ஒரு அலுவலகத்திலே உட்கார்ந்து, எந்த ஊருக்கு ரேஷன் கடை, எந்தக் கிழவிக்கு முதியோர் பணம் என்று அறிக்கை எழுதப் போகிறான். அவன் போகாத வீட்டிலே ஒரு கிழவி இருந்தாள். அவள் பேரிலே இவன் எழுதிய பொய் பதில் அவளுக்குத் தெரியவே தெரியாது. பசி மட்டும் தெரியும்.

ஆகவே, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெற்றோர்களுக்குச் சொல்கிறேன். மகன் ஆராய்ச்சிக்கு ஊர் ஊராகப் போக வேண்டும் என்றால், "வெயில்ல எதுக்குடா அலையறே" என்று தடுக்காதீர்கள். மகள் போக வேண்டும் என்றால் துணைக்கு ஆள் சேர்த்து அனுப்புங்கள், நிறுத்திவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆராய்ச்சி முறைத் தாளுக்கு மூன்று மணி நேரம் எழுதுகிற தேர்வு இருக்கட்டும். அதோடு, ஒரு வீட்டுத் திண்ணையிலே மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டு வருகிற தேர்வும் இருக்கட்டும்.

கணக்கைப் புத்தகம் சொல்லித் தரும். மறந்தால் கணிப்பொறி போட்டுத் தரும். பேசிக்கொண்டே வந்த ஒரு தாய், புருஷனைப் பார்த்ததும் ஏன் பேச்சை நிறுத்தினாள் என்பதை, பக்கத்திலே உட்கார்ந்திருந்த மாணவிதான் சொல்ல முடியும். அதனாலே, நடுவர் அவர்களே, கை வேண்டும், மறுக்கவில்லை. பெரிதும் வேண்டுவது காதே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)