தாண்டியவரும் தாங்கியவர்களும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று காலை நம் காலனி மைதானத்தில் சிறுவர்களின் ஓட்டப் பந்தயம் கண்டு மகிழ்ந்தோம். அப்பொழுது வேலியோரத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனை நீங்களும் கண்டிருப்பீர்கள். எந்தப் பந்தயத்திற்கும் அவன் பெயர் அழைக்கப்படவில்லை. அவனை எண்ணியே, மாற்றுத்திறனாளிகள் உலக அரங்கில் வெற்றி பெறத் துணை நிற்பவை எவை என்பதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

'மன உறுதி' என்று உடனே விடை கூறிவிடுவோம். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அவரிடம் திறமையைக் கண்டு ஊக்கினார். பயிற்சியாளர் சத்தியநாராயணா பெங்களூருக்கு அழைத்துச் சென்று பயிற்றினார். 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். தாண்டியவர் ஒருவர், தாங்கியவர் பலர்.

அடுத்துப் போட்டி முறையை நோக்குவோம். ஒரு கை இழந்தவரையும் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் ஒரே களத்தில் மோதவிடுதல் நேர்மையன்று. ஆதலின், குறைபாட்டின் தன்மையும் அளவும் ஆராய்ந்து வீரர்களை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கின்றனர். தமக்குரிய வகுப்புப் போட்டியில் இடம்பெறாவிட்டால் எத்திறமையும் பயன்படாது. இராஜஸ்தானத்துத் தேவேந்திர ஜஜாரியா எட்டு வயதில் மின்கம்பி தீண்டி இடக்கை இழந்தவர். 2004-இல் ஏதென்சில் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். 2008-இலும் 2012-இலும் அவருடைய வகுப்புக்கு ஈட்டி எறிதல் நடைபெறவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, ரியோவில் 63.97 மீட்டர் எறிந்து, உலக சாதனையுடன் மீண்டும் தங்கம் வென்றார்.

இனி, பொருளுதவி. 1968 முதல் 2016 வரை பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியா பெற்ற பதக்கங்கள் மொத்தம் 12. டோக்கியோவில் மட்டும் 19, பாரிசில் 29! நம் வீரர்களின் மன உறுதி இடையிலே திடீரென்று பெருகிவிட்டதா? இல்லை. 2014-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தால், தேர்ந்தெடுத்த வீரர்களுக்குக் கருவிகளும் வெளிநாட்டுப் பயிற்சியும் மாதந்தோறும் உதவித் தொகையும் கிடைக்கலாயின. தகுந்த பயிற்சியிடங்களும் அமைந்தன. பாரிசில் இறகுப்பந்தாட்டத்தில் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் பெற்றனர். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். அவருள் ஓசூர் நித்யஸ்ரீ, கௌரவ் கன்னா என்னும் பயிற்சியாளரிடம் லக்னோவில் பயின்றவர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு, மொழி அறியா ஊரில் பயில்வதன் அருமை நன்கு விளங்கும்.

அன்பர்களே! அரசின் உதவி, ஏற்கெனவே களத்திற்கு வந்தவரையே சென்றடையும். களத்திற்கு அழைத்து வருவது வீடும் பள்ளியும் நம்மைப் போன்ற சங்கமும் செய்யவேண்டிய பணி. "பாவம், அவனை ஏன் வருத்துவது?" என்று இரக்கத்தால் கதவடைத்து விடுகின்றோம். அவ்விரக்கம் அப்பிள்ளைக்குத் தடையாகவே முடிகின்றது.

'எல்லாரும் பாரிசுக்கா போகப் போகிறார்கள்?' என்று கேட்கலாம். காலையில் ஓடிய சிறுவர்களும் எல்லாரும் போகப் போவதில்லை. ஆயினும் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தோம் அல்லவா?

ஆகவே சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் இரண்டு. இம்மண்டபத்தின் படிக்கட்டுக்கு அருகே ஒரு சாய்தளம் அமையுங்கள். அடுத்த ஆண்டுப் போட்டிப் பட்டியலில், அமர்ந்தபடியே குண்டு எறிதலையும் சக்கர நாற்காலி ஓட்டத்தையும் சேருங்கள். வேலியோரத்துச் சிறுவன் அடுத்த ஆண்டு கோட்டருகே நிற்கட்டும், நாம் கைதட்டுவோம்.