அடித்தவர் தண்டனை பெற்றால் போதுமா?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

மடையில் தண்ணீர் திருப்புவதிலும், வரப்பை வெட்டுவதிலும், மாடு பயிரில் இறங்குவதிலும் தொடங்கும் வாய்ச் சண்டை அடிதடியில் முடிவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஒருவர் கை முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். அடித்தவர்மீது வழக்குப் பதிவாகிறது. அவருக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்றே ஊரார் பேசிக்கொள்கிறார்கள். அடிபட்டவரின் மருத்துவச் செலவை யார் கொடுப்பது, அறுவடைக் காலத்தில் அவர் இழந்த கூலிக்கு யார் பொறுப்பு என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

ஒருவரை அடிப்பது சமுதாயத்திற்கு எதிரான குற்றம். ஆகவே அரசே வழக்கு நடத்துகிறது. அச்செயல் அடிபட்டவருக்கு இழைக்கப்பட்ட தனித் தீங்கும் ஆகும். ஆகவே அவர் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கோரித் தனியே வழக்குத் தொடரலாம். ஒரு வழக்கு மற்றொன்றிற்குத் தடையாவதில்லை. கிரிமினல் வழக்கில் ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். சிவில் வழக்கிலோ இருதரப்புச் சான்றுகளையும் எடைபோட்டு, எது நடந்திருக்கக்கூடியது என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது. எனவே, அடித்தவர் கிரிமினல் வழக்கில் விடுதலையானார் என்ற ஒரே காரணத்தால் நஷ்டஈட்டு உரிமை அழிந்துவிடாது.

மருத்துவச் செலவு, இழந்த வருவாய், உடல் ஊனத்தால் இனி இழக்கவிருக்கும் வருவாய், பட்ட வேதனை ஆகியவற்றிற்கு ஈடு கேட்கலாம். 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அடி நடந்த இடத்து நீதிமன்றத்திலோ அடித்தவர் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலோ வழக்கிடலாம். அடிபட்டவர் இறந்துவிட்டால், 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டம் அவருடைய மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோரின் பொருட்டு வழக்கிட இடமளிக்கிறது. அதற்குரிய காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஒருவரை மரத்தில் கட்டி வைத்ததற்கும் அறையில் அடைத்து வைத்ததற்கும் ஈடு கோருவதாயின், ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். ஆதலால் நாள் கடத்துவது பெருந்தவறு.

கிரிமினல் நீதிமன்றமும் ஈடு வழங்கச் செய்யலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவின்படி, விதிக்கும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியை அடிபட்டவருக்குக் கொடுக்கச் செய்யலாம். அபராதம் விதிக்காதபோது, குற்றவாளி தனியே ஈடு செலுத்த வேண்டுமென ஆணையிடலாம். பின்னர் சிவில் வழக்கு வந்தால், இத்தொகை கணக்கில் கொள்ளப்படும். குற்றவாளி இன்னாரென்று தெரியாத நிலையிலும், 396ஆம் பிரிவின்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம், அரசுத் திட்டத்தில் கூறப்பட்டுள்ள தீங்குகளுக்கு ஈடு கோரி மனுச் செய்யலாம்.

இவ்வதிகாரம் முன்பிருந்த சட்டத்திலும் உண்டு. ஆனால் அது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் ஓர் உழவர் தம் சோளப் பயிருக்குக் காவல் இருந்தார். அவ்வழியே சென்ற சிலரைக் கண்டு அவருடைய நாய் குரைத்தது. ஒருவர் அதனை இரும்புக் குழாயால் அடித்தார். ஏன் அடித்தீர் என்று கேட்ட உழவரும் அடிபட்டு இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கீழ் நீதிமன்றங்கள் ஈட்டைப் பற்றி எண்ணிப் பார்க்கவே இல்லை என்று உச்ச நீதிமன்றம் வருந்தியது. ஒவ்வொரு கிரிமினல் வழக்கிலும் இதனைக் கருதிப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்றும் அறிவித்தது. ஆகவே அடிபட்டவரோ அவர் குடும்பத்தாரோ அரசு வழக்கறிஞர் வாயிலாக இதனைக் கேட்கத் தயங்கலாகாது.

வழக்கிட வசதியில்லையே என்று சிலர் கவலையுறலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும், குறிப்பிட்ட வருமானத்திற்கு உட்பட்ட ஏனையோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட அளவிலும் இதற்கெனக் குழு இயங்குகிறது.

ஊராட்சி உறுப்பினர்களாகிய நாம் இங்கே ஆற்ற வேண்டிய பணி யாது? சில ஊர்களில் பெரியவர்கள் கூடி, அடித்தவரிடம் தண்டம் வாங்கிப் பொதுப் பணத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அடிபட்டவருக்கு ஒரு காசும் சேர்வதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். அவர் ஏழையாகவோ சிறுபான்மைத் தெருவினராகவோ இருந்தால் மறுத்துப் பேசவும் இயலாது. அடிதடியை விசாரித்துத் தண்டம் விதிக்கும் அதிகாரம் ஊராட்சி மன்றத்திற்கு இல்லை. இரு தரப்பாரும் மனமொப்பிச் சமாதானம் ஆக விரும்பினால், சட்டம் சமரசத்திற்கு இடமளிக்கும் வழக்குகளை மக்கள் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். அங்கு ஏற்படும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. ஒப்புக்கொண்ட தொகையைச் சட்டப்படி வசூலிக்கலாம்.

அடிபட்டவரை முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோமாக. காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி கூறச் செய்வோமாக. முதல் தகவல் அறிக்கையின் நகலை அவர் இலவசமாகவே பெறலாம். அதனையும் காயச் சான்றிதழ், மருந்துக் கடை ரசீது, வேலைக்குச் செல்லாத நாட்களின் குறிப்பு ஆகியவற்றையும் ஓர் உறையிலிட்டுக் காத்து வைக்கச் சொல்வோமாக. நேரில் கண்டவர்கள் உண்மையைச் சொல்ல முன்வருமாறு ஊக்குவிப்போமாக. ஆறு மாதம் கழித்து இவற்றைத் தேடினால் கிடைப்பது அரிது.

அடித்தவர் சிறை சென்றாலும், அடிபட்டவரின் முறிந்த கைக்குப் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. அக்கடன் அவர் தலையில் விழாமல் காக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அவ்வழியை அவருக்குக் காட்டி உடன் செல்வது, ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நம் கடமையாகும்.